அசல் இல்லாத நகல்

திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்த அறிவியல் மொழிபெயர்ப்பு ஒன்றில் இப்படி ஒரு வரி: "மூல டி.என்.ஏ. தாய்ச் செல்லிலேயே பத்திரமாக இருக்க, அதன் நகல் புதிய செல்லுக்குப் போகிறது." செல் பிரியும் முன் அதன் டி.என்.ஏ. இரண்டாவதைச் சொல்லும் 'ரெப்ளிகேஷ'னை 'நகலெடுத்தல்' என்று எழுதியவர், அந்தச் சொல்லை நம்பிக் கதையும் கட்டிவிட்டார்.

லத்தீனில் 'ரெப்ளிகாரே' என்றால் திரும்ப மடித்தல். தமிழிலும் மடிப்பிலிருந்து வந்த 'மடங்கு'தான் பெருக்கத்தைச் சொல்கிறது. சொல்லின் பிறப்பு அவ்வளவுதான்.

நகல் அரபியிலிருந்து வந்தது என்பது என் வழக்கு அல்ல. நீதிமன்றக் காகிதங்களோடு வந்து வேரூன்றிய சொல், இருந்துவிட்டுப் போகட்டும். நகல் என்றதும் எதிரே ஓர் அசல் வந்து நிற்கிறதே, அதுதான் கோளாறு. செல்லுக்குள் அப்படி ஒன்று மிஞ்சுவதில்லை. டி.என்.ஏ.வில் பின்னிக் கிடக்கும் இரண்டு இழைகளும் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஓர் எதிரிழை கட்டப்படுகிறது. 1958இல் மெசல்சன், ஸ்டால் என்ற இரு விஞ்ஞானிகள், கனமான வகை நைட்ரஜனில் வளர்ந்த பாக்டீரியாவைச் சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஒரு தலைமுறை கழிந்ததும், கனத்துக்கேற்பப் பிரித்துக் காட்டும் குழாயில் டி.என்.ஏ. ஒரே பட்டையாக நின்றது, கனத்துக்கும் லேசுக்கும் நட்டநடுவில். அசல் வேறு, நகல் வேறு என்றால் இரண்டு பட்டைகள் அல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

'டி.என்.ஏ.வில் விழுந்த பிழையைப் பழுதுபார்க்கும்போது செல் பழைய இழையைத்தானே அசலாகக் கொள்கிறது?' என்பார்கள். உண்மைதான். ஈ.கோலி என்ற பாக்டீரியாவில் பழைய இழையில் மெத்தில் என்ற வேதிக் குறிகள் இருக்கும். புதிய இழைக்கு அவை சற்றுப் பிந்தித்தான் வரும். அந்த இடைவெளியில் குறியில்லாத இழையை வெட்டி, பொருந்தாத 'எழுத்தை' (டி.என்.ஏ.வின் வேதி அலகை) நீக்கி, பழையதைப் பார்த்து நிரப்பிவிடுகிறது செல். ஆனால் பழையதும் புதியதும் ஒரே மூலக்கூறாகப் பின்னிக் கிடக்கின்றன. எந்த நகல் தன் அசலைப் பாதி உடம்பாகச் சுமந்து திரிகிறது?

பாடநூல்களில் உள்ள 'இரட்டிப்பாதல்' போதும். 'விலை இரட்டிப்பானது போல ஒலிக்கிறதே' என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒலிக்கட்டுமே, இங்கும் அளவு இரண்டு மடங்குதானே ஆகிறது! 'கல்'லோடு 'எறிந்தான்' சேர்ந்தால் கல்லெறிந்தான். ஒற்று இரட்டித்தது என்கிறோம். அந்த இரண்டு லகரத்தில் அசல் எது என்று எந்த ஆசிரியரும் கேட்டதில்லை.

ஆர்.என்.ஏ. உருவாவதற்குப் 'படியெடுத்தல்' இருக்கிறது, குளோனிங்குக்கு 'நகலாக்கம்' என்று சிலர் எழுதுகிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளருக்கோ மூன்றுமே நகல்தான். குளோனிங் வரும் பக்கத்தில் அவருக்கே குழம்பியிருக்க வேண்டும். 'உண்மையான நகல்' என்று எழுதி வைத்திருக்கிறார்.