கொழுப்பு வேறு, கொலஸ்ட்ரால் வேறு

குடியாத்தத்தில் இருக்கும் என் அத்தைக்குச் சர்க்கரை நோய்க்காக ஓர் உணவுத் தாளைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் முறை அது. மேல் வரியில் ‘கொழுப்பைத் தாராளமாகச் சேர்க்கவும்’ என்றும், கடைசி வரியில் ‘கொழுப்பு 200-ஐத் தாண்டக் கூடாது’ என்றும் அச்சிட்டிருந்தது. இரண்டு வரிகளிலும் மாறி மாறி விரலை வைத்து, “ஏம்பா, சேக்கச் சொல்றாங்களா, கொறைக்கச் சொல்றாங்களா?” என்று அத்தை கேட்டார். பிழை அவர் படிப்பில் இல்லை, கடைசி வரியின் கொலஸ்ட்ராலையும் ‘கொழுப்பு’ என்றே மொழிபெயர்த்தவரிடம் இருக்கிறது.

‘கொழு’ என்னும் அடியில் பிறந்தது கொழுப்பு. கொழுமை, கொழுத்தல், கொழுகொழு எல்லாம் அதன் உறவு. கறிக்கடையில் “கொழுப்பு கொஞ்சம் சேத்துப் போடுங்க பாய்” என்றால், குண்டிக்காயைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருப்பதை அறுத்துப் போடுவார். நெய்யிலும் எண்ணெயிலும் தேங்காயிலும் உள்ள சத்துக்கும் அதே பெயர் விரிந்தது முறையே. அதில் ஒரு கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரிதான். சோற்றையும் களியையும் குறைத்தவருடைய உடலுக்கு எரிபொருளாக நிற்பது இந்தக் கொழுப்பு. 1921-இல் அமெரிக்க மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்கு முன்வைத்த கீட்டோஜெனிக் உணவும் இந்த அடிப்படையில் அமைந்ததுதான்.

கொலஸ்ட்ரால் எரிபொருளே அன்று. கல்லீரல் தானே செய்துகொள்ளும் மெழுகு போன்ற பொருள் அது. உயிரணுச் சவ்வுக்கும் பித்தநீருக்கும் வேண்டியது. பித்தப்பைக் கல்லில் முதலில் கண்டதால், பித்தம், திண்மம் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்குப் பெயரிட்டார்கள்.

இதையும் ‘கொழுப்பு’ என்றே எழுதலாம், மக்களுக்குப் புரிந்தால் போதும் என்பது மொழிபெயர்ப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். புரிகிறதா என்பதுதான் என் கேள்வி. ‘கொழுப்பு இல்லாத கடலை எண்ணெய்’ என்று காட்பாடிச் சாலையில் ஒரு பலகை பார்த்தேன். கடலை எண்ணெய் முழுக்க முழுக்கக் கொழுப்பு. அதில் இல்லாதது கொலஸ்ட்ரால். ஒரு முட்டையில் ஏறக்குறைய 5 கிராம் கொழுப்பு உண்டு, கொலஸ்ட்ராலோ 0.2 கிராம் அளவுதான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இந்தக் கணக்கை எந்தத் தமிழில் எழுதுவது? கறிக்கொழுப்பிலும் தேங்காய் எண்ணெயிலும் மிகுதியாக உள்ள நிறைவுற்ற கொழுப்பைக் கூட்டினால் பலருக்கு இரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடும் என்ற எச்சரிக்கை, இவர்கள் கையில் ‘கொழுப்பு கொழுப்பைக் கூட்டும்’ என்று ஆகி, எச்சரிக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் சொல்லாமல் போகிறது. ‘கெட்ட கொழுப்பு’ இன்னும் மோசம். இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் துகளுக்கு வைத்த அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, நெய்க் கிண்ணத்தையே கெட்டதென்று தள்ளிவைத்தவர்களை அறிவேன்.

கொழுப்பைக் கொலஸ்ட்ராலுக்குக் கொடுத்துவிட்டு உணவுச் சத்தை ‘நிணம்’ என்று சொல்லலாம் என்பாரும் உண்டு. நிணம் அழகிய பழஞ்சொல். ஆனால் அது ஊனோடு ஒட்டியது. செக்கிலிருந்து இறங்கும் எண்ணெயை நிணம் என்று எந்த நாக்கும் சொல்லாது. ‘பித்தத் திண்மம்’ என்று நேராகப் பெயர்த்தாலோ, சித்த மருத்துவத்தின் பித்தம் வந்து குறுக்கே நிற்கும். தனித்தமிழில் எனக்குப் பற்று உண்டு; தெளிவைக் கெடுக்கும் தனித்தமிழில் இல்லை. மணிலா என்ற ஊர்ப் பெயரோடு வந்த மணிலாக்கொட்டை, அதாவது நிலக்கடலை, எங்கள் வட ஆற்காட்டில் மல்லாட்டை ஆகவில்லையா? கொலஸ்ட்ராலும் அப்படியே இருக்கட்டும்.

அந்தத் தாளில் ‘மாவுச்சத்து’ம் இதே சிக்கலைச் செய்தது. வெல்லம் மாவில்லையே என்று அத்தை அதைத் தொடர்ந்து சாப்பிட்டு வந்தார். சர்க்கரையும் வெல்லமும் அதில் அடங்கும் என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும்.

பேனாவை எடுத்துக் கடைசி வரியில் ‘கொழுப்பு’ என்பதை அடித்து, மேலே ‘இரத்தக் கொலஸ்ட்ரால்’ என்றும், வெல்லத்துக்கு ஒரு வரியும் எழுதிக் கொடுத்தேன். அத்தை இரண்டையும் வாய்விட்டுப் படித்துவிட்டு, வெல்ல டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்தார்.