சைலன்சர் போட்ட துப்பாக்கியும் காதைக் கெடுக்கும்

பொங்கல் முடிந்த வாரம், கும்பகோணத்தில் என் கிளினிக்குக்கு ஓர் அம்மா மகனைக் கையோடு அழைத்து வந்தார். பாபநாசம் பக்கத்துக் கிராமம். மகனுக்கு டெக்சாஸில் வேலை; லீவுக்கு வந்திருந்தார். "டிவியை அலற விடுறான் மேடம். குக்கர் எத்தனை விசில் அடிச்சுதுன்னு கேட்டா, அடிச்சுதாங்குறான்" என்றார் அம்மா.

கேட்புத்திறன் சோதனை செய்தேன். 2000 ஹெர்ட்ஸ் வரை இரண்டு காதும் நன்றாகவே இருந்தன. 4000 ஹெர்ட்ஸில் வரைபடத்தின் கோடு சட்டென்று பள்ளத்தில் இறங்கி, 8000-இல் மறுபடி ஏறியது. இந்தப் பள்ளத்தைப் பார்த்தாலே நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தீர்களா என்பதுதான். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். வார இறுதிகளில் ரேஞ்சுக்குப் போய் ஏஆர்-15 ரைஃபிள் சுடுவாராம். "ஆனா சைலன்சர் போட்டுத்தான் சுடுறேன் மேடம். அதனால காதுல எதுவும் வைக்கிறதில்ல."

டெக்சாஸில் உரிய பதிவோடு சைலன்சர் வாங்கலாம். நம் நாட்டில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி சைலன்சரையே ஒரு துப்பாக்கியாகத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். நம் ஊரில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறேன் என்றால், டெல்டாவில் ராணுவத்துக்குப் போன வீடுகளும் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளும் நிறைய. சைலன்சர் போட்டால் 'டுப்' என்று ஒரு சின்னச் சத்தம்தான் வரும் என்று சினிமாவைப் பார்த்து நம்புகிறவர்களும் நிறைய.

சைலன்சர் இல்லாத 5.56 ரைஃபிளின் (ஏஆர்-15 வழக்கமாகச் சுடும் தோட்டாவின் அளவு, மில்லிமீட்டரில்) வெடிப்பு உச்சத்தில் 160 டெசிபலைத் தொடும். நல்ல சைலன்சர் அதில் 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். அது பெரிய குறைப்புதான். 20 டெசிபல் குறைந்தால் ஒலியழுத்தம் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆனால் குறைந்த பிறகு மிச்சம் எவ்வளவு? 130, 140. ஒரே அடியாக வரும் சத்தத்துக்குத் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் உச்ச வரம்பே 140 டெசிபல்தான். தோட்டா ஒலியை விட வேகமாகப் போகும்போது காற்றில் எழும் 'சடார்' வேறு இருக்கிறது. அதை எந்த சைலன்சரும் தடுக்காது.

அந்தத் தம்பியின் சோதனையில் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு வழக்கமாக முதலில் கெடுவது இடது காது. அதுதான் குழல் முனைப் பக்கம் திரும்பியிருக்கும். வலது காதைத் தலையே மறைத்துக்கொள்ளும். இவருக்கு வலது காதில்தான் பள்ளம் ஆழம். ஒரு சோதனையை வைத்து இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் துப்பாக்கி வேலை செய்யும் விதத்தோடு இது பொருந்துகிறது.

ஏஆர்-15 போன்ற செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில், வெடிமருந்து எரிந்து வரும் வாயுவில் கொஞ்சத்தைக் குழலிலிருந்து ஒரு துளை வழியாக எடுத்து, அந்த அழுத்தத்தால் காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றுகிறார்கள். ஏஆர்-15-இல் அந்த வாயு ஒரு மெல்லிய குழாய் வழியாகச் சுடுபவரின் முகத்துக்கு அருகே உள்ள போல்ட் (குழலின் பின்வாயை மூடித் திறக்கும் பாகம்) வரைக்கும் வந்துவிடும். ஏகே வகையிலும் நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளிலும் நீளமான பிஸ்டன் போல்ட்டோடு சேர்ந்தே பின்னால் நகரும். நம் ராணுவம் வாங்கிய சிக் 716 ரைஃபிளில் குட்டிப் பிஸ்டன். முன்னாலேயே தட்டிவிட்டு நின்றுவிடும், வாயுவில் பெரும்பகுதி அங்கேயே வெளியேறிவிடும்.

இப்போது முனையில் சைலன்சரை மாட்டுங்கள். மோட்டார் ஓடும்போது போர்செட் குழாயின் வாயை உள்ளங்கையால் அடைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பின்னால் எந்த ஜாயின்ட் தளர்ந்திருக்கிறதோ அங்கே தண்ணீர் பீச்சியடிக்கும். அதே மாதிரி குழலுக்குள் அழுத்தம் நின்றுவிட, போல்ட் சீக்கிரமே வேகமாகத் திறக்கிறது. மிச்ச வாயு காலித் தோட்டா வெளியேறும் வலதுபக்க வாய் வழியாக வெடித்து வருகிறது. அந்த வாயிலிருந்து வலது காது ஒரு சாண், இரண்டு சாண் தூரம். பிஸ்டன் இருந்தால் இது கொஞ்சம் குறையலாம், ஒழியாது. குழல் வழியே திரும்பி வரும் வாயுவைப் பிஸ்டன் தடுப்பதில்லையே. வாயுவின் அளவைக் குறைத்து வைக்கும் திருகு இருந்தால் போல்ட் திறப்பது தாமதமாகி, காதுப் பக்கச் சத்தம் இறங்கும். கையால் போல்ட்டை இழுக்கும் ரைஃபிளில் இந்தப் பின்பக்க வெடிப்பே கிடையாது.

அவர் வாங்கிய சைலன்சரின் பெட்டியில் போட்டிருந்த எண் குழல் முனைக்குப் பக்கத்தில் அளந்தது. காதுக்குப் பக்கத்தில் அளந்தால் வேறு எண் வரும். போனில் உள்ள ஆப்பை வைத்து அளந்தேன் என்றார். அதன் மைக் அவ்வளவு பெரிய, அவ்வளவு குறுகிய வெடிப்பைப் பிடிக்கவே பிடிக்காது.

எங்கே அளந்தது என்ற கேள்வி நம் தெருவுக்கும் பொருந்தும். பட்டாசுக்கு 125 டெசிபல் என்ற வரம்பு 4 மீட்டர் தள்ளி அளப்பது. சாவு ஊர்வலத்தில் வேட்டுக்குத் திரி வைப்பவர் கையெட்டும் தூரத்தில் நிற்கிறார். அவரை யாரும் சோதனைக்கு அழைத்து வருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

சரி, என்ன செய்வது? சைலன்சர் இருந்தாலும் நுரை அடைப்பானை வையுங்கள். செமி ஆட்டோமேட்டிக் என்றால் அதன் மேல் இயர்மஃப்பும் போடுங்கள். அடைப்பானை விளக்குத் திரி மாதிரி ஒல்லியாக உருட்டுங்கள். வலது காதுக்கு, இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள், காதுவழி நேராகும். உள்ளே விட்டு அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். அந்தத் தம்பிக்கு இதை மூன்று முறை செய்ய வைத்தேன். முதல் இரண்டு முறையும் பாதி வெளியேதான் நின்றது.

சுட்ட அன்று காது அடைத்த மாதிரி இருந்து, காலையில் சரியானால் பலரும் விட்டுவிடுகிறார்கள். அடைப்பு விலகினாலும் உட்செவியில் ஒலியை உணரும் முடியணுக்களில் சில அதற்குள் போயிருக்கலாம். அவை திரும்ப முளைப்பதில்லை. மறுநாளும் இரைச்சலோ அடைப்போ இருந்தால், காத்திருக்காமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். தாமதித்தால் மருந்து கொடுக்கும் வாய்ப்பே நழுவிவிடும். கேட்புத்திறன் சோதனைக்கு மட்டும் வருவதானால், அதற்கு முன் 14 மணி நேரமாவது பெரிய சத்தம் இல்லாத இடத்தில் இருந்துவிட்டு வாருங்கள். அந்தத் தம்பியின் இரண்டாவது சோதனையை ஒரு நாள் தள்ளிப்போட வேண்டியிருந்தது. முந்தைய இரவு ஊர்க் கோயிலில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கச்சேரி கேட்டுவிட்டு வந்திருந்தார்.