சிட்டையில் விழுந்தால்தான் கணக்கு

போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "காய்கறிக் கடையில் 240 ரூபாய் யூபிஐயில் அனுப்பினேன். என் கணக்கில் பிடித்துவிட்டார்கள், கடைக்கார அண்ணனுக்கு வரவில்லை. மறுநாள் காலையில் தானாகவே திரும்பி வந்துவிட்டது. எனக்காக யாரும் ராத்திரி உட்கார்ந்து தேடியிருக்க மாட்டார்கள். அப்படியென்றால் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிந்தது?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல எனக்கு வங்கியைவிட என் பெரியப்பாவின் மளிகைக் கடைதான் வசதி.

ஒரு பரிவர்த்தனை என்றால் குறைந்தது இரண்டு பதிவு, ஓரிடத்தில் பற்று, இன்னோரிடத்தில் வரவு. பதினோராம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது மனப்பாடம். 1494-ல் வெனிசில் அச்சான லூக்கா பாச்சோலியின் கணித நூலிலேயே இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது. வம்பு எங்கே என்றால், அந்த இரண்டு பதிவுக்கும் நடுவில். முதலாவது விழுந்து, இரண்டாவது விழுவதற்குள் கரண்ட் போனால்?

சம்பளப் பட்டியல், சேமிப்புக் கணக்கு வட்டி போன்றவற்றை மொத்தமாகச் சேர்த்து ஒரே ஓட்டாக ஓட்டிவிடலாம். நடுவில் ஏதாவது ஆனாலும் கவுன்ட்டரில் ஆள் காத்துக்கொண்டிருப்பதில்லை. யூபிஐ, ஏடிஎம் அப்படியில்லை. அந்த நொடியே ஆம், இல்லை என்று பதில் வேண்டும்.

சரி, பெரியப்பாவிடம் வருவோம். அவரிடம் இரண்டு புத்தகம் இருக்கும். ஒன்று மெலிந்த நீளமான சிட்டை, இன்னொன்று தடித்த பேரேடு. பகலில் கடன் சொல்லி வாங்குகிறவர்களின் கணக்கு சிட்டையில் வரிசையாக விழும்: "41. வாத்தியார் வீடு, துவரம்பருப்பு 2 கிலோ." ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பேரேட்டில் அவரவர் பக்கத்தைத் தேடி ஏற்றுவார். ஏன் நேராகப் பேரேட்டிலேயே எழுதக்கூடாது? ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு பக்கத்தில் கிடக்கும். எதிரே ஏழு பேர் நிற்கும்போது பக்கம் புரட்ட நேரமேது? சிட்டையில் அடுத்த வரியில் எழுதிவிட்டால் போதும். அதில் விழுந்துவிட்டால் அந்த வியாபாரம் நடந்துவிட்டது என்று பொருள்.

பேரேட்டில் ஏற்றும்போது ஓரத்தில் சிட்டையின் வரி எண்ணையும் குறிப்பார். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போன இரவுகளில் அதன் அருமை தெரியும். வாத்தியார் வீட்டுப் பக்கத்தில் கடைசியாக 41 இருந்தால், 41 வரை ஏற்றியாகிவிட்டது. ஒரே பருப்பை இரண்டு தடவை எழுதி வாத்தியாரிடம் பேச்சு வாங்க வேண்டியதில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. அவர் எழுதியது எதையும் அடித்துத் திருத்த மாட்டார். தப்பாக எழுதிவிட்டால் கீழே புதிதாக ஒரு வரி போட்டு நேர் செய்வார்.

இனி சர்வருக்குள் பார்த்தால், அதே கடைதான். கணக்குகள் டிஸ்கில் பக்கம் பக்கமாகச் சிதறிக் கிடக்கின்றன, அதுதான் பேரேடு. மாற்றங்கள் முதலில் நினைவகத்தில் நடக்கும். அது வேகமானது, ஆனால் கரண்ட் போனால் துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும். அதனால் ஒரு கண்டிப்பான விதி: பக்கம் டிஸ்குக்குப் போவதற்கு முன் அந்த மாற்றத்தைப் பற்றிய வரி லாக் கோப்புக்கு, அதாவது சர்வரின் சிட்டைக்கு, போயிருக்க வேண்டும். "பரிவர்த்தனை 7, அ கணக்கு, 5,000 இருந்தது, 4,760 ஆனது." கடைசியில் "7 முடிந்தது" என்ற வரியும் டிஸ்கில் பத்திரமான பிறகே நம் போனில் பச்சை டிக் காட்டலாம். பக்கங்கள் மெதுவாகப் போய்ச் சேரட்டும்.

சர்வர் விழுந்து எழுந்தால் என்ன செய்யும்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பல டேட்டாபேஸ்கள், அதாவது இப்படிக் கணக்குகளை வைத்துக் காக்கும் மென்பொருள்கள், பின்பற்றும் முறைக்கு ஏரீஸ் என்று பெயர். ஐபிஎம்மின் அல்மேடன் ஆய்வகத்தில் சி. மோகனும் அவருடைய சகாக்களும் உருவாக்கி, 1992-ல் விரிவான கட்டுரையாக வெளியிட்டார்கள். மோகன் தமிழ்நாட்டுக்காரர், சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்தவர்.

முதல் சுற்றில் லாக்கைப் படித்து யார் யார் பாதியில் நின்றார்கள் என்று கண்டுபிடிக்கிறது. இரண்டாம் சுற்றில் விடுபட்டதையெல்லாம் திரும்பச் செய்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாக ஏற்றிய லாக் வரியின் எண் இருக்கும், பெரியப்பாவின் 41 மாதிரி. அந்த எண் வரை தாண்டிவிடும். வேடிக்கை என்னவென்றால், பாதியில் நின்ற, ரத்தாகப் போகிற பரிவர்த்தனைகளையும் சேர்த்தே திரும்பச் செய்கிறது! வீண் வேலை என்று தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால்தான் எல்லாப் பக்கமும், சர்வர் விழுந்த அந்த நொடியில் இருந்த நிலைக்கு வந்து நிற்கும். பிறகு மூன்றாம் சுற்றில் அரைகுறைகளைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக நேர் செய்கிறது. அதுவும் அழிப்பதில்லை. "அ கணக்கில் 240 திரும்ப வைத்தேன், அடுத்து நேர் செய்ய வேண்டியது இன்ன வரி" என்று லாக்கில் புது வரி சேர்க்கிறது. அந்த நேரம் பார்த்து மறுபடி கரண்ட் போனால்? போகட்டும். நேர் செய்ததும் எழுத்தில் இருக்கிறது, விட்ட இடத்திலிருந்து தொடரும். நூறு தடவை விழுந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

ஆயுத பூஜைக்கு சர்வர் ரூமில் பொட்டு வைப்பதில் எனக்கு வருத்தம் கிடையாது. யூபிஎஸ் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, பேக்கப் உண்மையிலேயே திரும்ப வருகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறைகூடப் பார்க்காதவர்களைக் கண்டால்தான் எரிச்சல் வரும். அப்புறம் இன்னொன்று. மோகன் மாதிரி ஆட்கள் ஒரே பிரச்சினையோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்ட ஒரு நிறுவனம் சம்பளம் கொடுத்தது. நம்மூர் மென்பொருள் நிறுவனங்கள் அந்தப் பொறுமைக்கும் கொஞ்சம் காசு ஒதுக்கலாம் என்பது என் தனிப்பட்ட ஆதங்கம்.

வாசகியின் 240 ரூபாய்க்கு வருவோம். ஒரே வங்கிக்குள் என்றால் மேலே சொன்னதோடு கதை முடிந்தது. இரண்டு வங்கி என்றால் இரண்டு சிட்டை, நடுவே நெட்வொர்க்கில் ஓடும் செய்தி. இவர் பக்கம் பற்று எழுதியாகிவிட்டது, அந்தப் பக்கம் வரவு விழவில்லை. இரண்டு பட்டியலையும் ஒப்பிடும்போது ஜோடியில்லாத வரி தனியாக நிற்கும். அதைத்தான் பிடித்து நேர் செய்திருக்கிறார்கள். தனிநபருக்கு அனுப்பியது சேராவிட்டால் மறுநாளுக்குள், கடைக்குச் செலுத்தியதில் உறுதிச் செய்தி போகாவிட்டால் 5 நாளுக்குள் திருப்பிவிட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கை.

பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள், அம்மா. 240 பற்று என்ற வரி மறைந்திருக்காது. அது அப்படியே இருக்கும், கீழே 240 வரவு என்று இன்னொரு வரி இருக்கும்.