மன்சா மூசாவை டாலரில் எடை போடாதீர்கள்

கல்லூரியில் வரலாறு எடுக்கிறேன். மேற்கு ஆப்பிரிக்கப் பேரரசுகள் என்று தொடங்கினாலே வகுப்பில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றும்: 14ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை ஆண்ட மன்சா மூசாவிடம் 400 பில்லியன் டாலர் இருந்ததாம், கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்ததால் மாலியே அழிந்துபோனதாம். இந்த முறை விடைத்தாளிலேயே எழுதிவிட்டார்கள், அதனால்தான் இந்தப் பதிவு.

அந்த டாலர் கணக்குக்கு ஆதாரமே கிடையாது. மூசாவின் கஜானாக் கணக்கு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை, அரசின் வருமானம் எது, அரசரின் சொந்தப் பணம் எது என்று பிரிக்கவும் வழியில்லை. போதாக்குறைக்கு, தங்கத்தின் மதிப்பே ஊருக்கு ஊர் வேறு. தங்கம் கிடைத்த தெற்கில் அரிதாக இருந்தது உப்புதான். 1324இல் ஹஜ் போகும் வழியில் அவர் கெய்ரோவில் தாராளமாகச் செலவழித்தார், அங்கே தங்கம் விலை இறங்கியது, பின்னாளில் அரபு வரலாற்றாசிரியர் அல் உமரி விசாரித்து எழுதியிருக்கிறார், எல்லாம் சரி. திரும்பும்போது கையில் பணமில்லாமல் வட்டிக்குக் கடன்கூட வாங்கினார். ஆனால் விலை இறங்கியது கெய்ரோவில், மாலியில் அல்ல! 1352இல் புறப்பட்டு மாலிக்குப் போன பயணி இப்னு பதூதா, திருட்டுப் பயம் இல்லாமல் நடமாட முடிகிறதே என்று பாராட்டுகிறார். அப்போது மூசா இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த அரசுகளைத் தாங்கியது சுங்கமும் பாதையும். 11ஆம் நூற்றாண்டில் புவியியலாளர் அல் பக்ரி எழுதுகிறார்: மாலிக்கு முந்தைய பேரரசான கானாவின் அரசர் ஒரு கழுதைச் சுமை உப்பு உள்ளே வந்தால் ஒரு தினாரும், வெளியே போனால் இரண்டு தினாரும் வாங்கினார். (அந்தக் கானா வேறு, இன்றைய கானா நாடு வேறு. தலைநகராகக் கருதப்படும் கும்பி சாலே மொரிட்டானியாவில் இருக்கிறது. மேப்பில் தயவுசெய்து சரியாகக் குறியுங்கள்.)

வீழ்ச்சியும் அப்படித்தான். மாலியில் வாரிசுச் சண்டை, 1433இல் வணிக நகரமான திம்புக்டு சகாரா நாடோடிகளான துவாரெக்குகள் கைக்குப் போனது, 1468இல் அதை அடுத்து எழுந்த சோங்காய் பேரரசின் அரசர் சுன்னி அலி பிடித்தார். 1482இல் போர்ச்சுகீசியர் இன்றைய கானா நாட்டுக் கடற்கரையில் உள்ள எல்மினாவில் கோட்டை கட்ட, தங்கத்தில் ஒரு பங்கு கடற்கரைக்குத் திரும்பியது. 1591இல் தோண்டிபி என்ற இடத்தில் மொராக்கோ படையின் துப்பாக்கிகள் முன் சோங்காயும் தோற்றது.

டாலர் கணக்கோடு வரும் எதையும் பகிராதீர்கள். தேர்வுக்குப் படிப்பவர்களே, ஆண்டுகளை மட்டும் உருப்போடாமல், எந்தப் பாதை எப்போது யார் கையில் இருந்தது என்று ஒருமுறை வரைந்து பாருங்கள். சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை இந்தப் பாடத்தை மூசாவிடம் அல்ல, சகாராவின் தகாசா உப்புச் சுரங்கத்தில் தொடங்குங்கள்.