அண்ட நுண்ணலைப் பின்புலம்: சொல் விளக்கம்

காஸ்மிக் மைக்ரோவேவ் பேக்ரவுண்டு என்பதற்குத் தமிழில் அண்ட நுண்ணலைப் பின்னணி, பிரபஞ்ச நுண்ணலைப் பின்புலம், எச்சக் கதிர்வீச்சு எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. வானின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஏறத்தாழ ஒரே அளவில் வந்துசேரும், 2.725 கெல்வின் வெப்பநிலைக்குரிய கதிர்வீச்சு இது.

‘காஸ்மோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஒழுங்கு, அணி என்பனவே பழைய பொருள். முட்டையைக் குறித்த வடசொல்லாகிய ‘அண்டம்’ தமிழில் பிரபஞ்சம் என்ற பொருளை ஏற்றுக்கொண்டது. ‘மைக்ரோ’ என்பது இங்கு வானொலி அலையைவிடக் குறுகியது என்ற அளவில் நிற்பதால் ‘நுண்ணலை’ பொருந்தும்.

கருத்து வேறுபாடு ‘பேக்ரவுண்டு’ பற்றியதே. செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நிற்பவருக்கு, நேர்கோட்டில் அமைந்த நிலைவாசல்களின் வழியே வளவும் இரண்டாங்கட்டும் கடந்து பின்வாசல் வெளிச்சம் தெரிவதுபோல, விண்மீன் திரள்கள் யாவற்றுக்கும் பின்னிருந்து வரும் கதிர்வீச்சு என்பதால், இசையையும் திரைப்படத்தையும் நினைவூட்டும் ‘பின்னணி’யினும் ‘பின்புலம்’ காரைக்குடி மாணவர்க்கு எளிதில் விளங்கும்.

‘எச்சக் கதிர்வீச்சு’ என்பதோ ஒரு விளக்கத்தைப் பெயருக்குள்ளேயே வைத்துவிடுகிறது. 1964இல் அமெரிக்காவின் ஹோம்டெலில் வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் தம் கொம்பு வடிவ அலைவாங்கியில் கண்டது, தெரிந்த மூலங்களையெல்லாம் கழித்த பின்னும் நீங்காத இரைச்சல் மட்டுமே. (அலைவாங்கிக்குள் கிடந்த புறா எச்சத்தை அவர்கள் துடைத்தும் அது போகவில்லை என்பதால், இச்சொல்லில் தமிழர்க்கு மட்டுமே கிட்டும் ஒரு சிலேடையும் உண்டு.) அதனைப் பெருவெடிப்பின் எச்சமாகக் கொண்டோர், அண்டம் தோன்றி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளான காலத்தில் 3,000 கெல்வின் வெப்பத்தில் விடுபட்ட ஒளி, வெளி விரிந்ததால் நுண்ணலையாக நீண்டது என்றனர். இயற்பியலாளர்கள் ஆல்ஃபரும் ஹெர்மனும் 1948இலேயே அதன் வெப்பநிலை சுமார் 5 கெல்வின் எனக் கணித்திருந்தனர். இதற்கு மாறாக, ஹாயில், பர்பிட்ஜ், நார்லிகர் ஆகிய வானியலாளர்கள், விண்மீன்களின் ஒளியை நுண்ணிய இரும்பிழைகள் உள்வாங்கி மீள உமிழ்வதே இக்கதிர்வீச்சு என்று வாதிட்டனர்.

1989இல் ஏவப்பட்ட கோப் (COBE) செயற்கைக்கோள், இக்கதிர்வீச்சின் நிறமாலை கரும்பொருளின் (தன்மேல் விழும் ஒளி முழுவதையும் உள்வாங்கி, வெப்பநிலைக்கேற்பவே உமிழும் பொருளின்) வளைவோடு மிக நுட்பமாக ஒத்துப்போவதைக் காட்டியது. வெவ்வேறு காலத்து விண்மீன்களின் ஒளி கலந்து இத்துணைச் சீரான வளைவைத் தருவது கடினம். லட்சத்தில் ஒரு பங்கு அளவிலான வெப்ப ஏற்றத்தாழ்வுகளின் ஒழுங்கையும் முதல் விளக்கமே இயல்பாகத் தருகிறது. எனினும் அகராதியில் தலைச்சொல்லாக நிற்கத் தக்கது, காரணத்தை முன்கூட்டிச் சொல்லாத பெயரே. ஆகவே ‘அண்ட நுண்ணலைப் பின்புலம்’ என்று எழுதுக. கதிர்வீச்சு என்று சேர்க்கும்போது ‘பின்புலக் கதிர்வீச்சு’ என வல்லினம் மிகும்.