ஆயாவின் விரலில் 86

தண்டையார்பேட்டையில் மார்புநோய் மருத்துவராக இருக்கும் எனக்கு, மூச்சு வாங்குகிறது என்று ஓடி வருபவர்களைவிட, 'ஒன்றுமில்லை, வயதாகிவிட்டது' என்று நிதானமாக வந்து உட்காருபவர்களிடம்தான் பயம் அதிகம். காசிமேட்டிலிருந்து வந்த ஆயாவும் அப்படித்தான். கால் வீங்கியிருக்கிறது என்றுதான் பேரன் அழைத்து வந்தான். ரேஷன் கடைக்குப் போகும் வழியில் மூன்று இடத்தில் உட்காருகிறாராம். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினேன்: 86.

"பீடி, சுருட்டு எதையும் தொட்டதில்லை, டாக்டரம்மா" என்றார். தொடவில்லைதான். ஆனால் முப்பது வருடம் விறகடுப்பில் இட்லி அவித்து விற்றிருக்கிறார். புகைப்பவர்களுக்கு வரும் அதே நாள்பட்ட சுவாச அடைப்பு நோயை அந்த அடுப்பு கொடுத்துவிட்டது. எண்ணூர், மணலி ஆலைகள் கெடுக்கும் காற்றைப் பற்றிக் கொதிக்கிறோம், கொதிக்க வேண்டியதுதான். அடுப்புப் புகையை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு சாதாரணமாக 95 சதவீதத்துக்குக் குறையாது. 90 வரை இறக்கம் மெதுவானது. அதற்குக் கீழே சறுக்குப் பாறை, கொஞ்சம் குறைந்தாலும் மளமளவென்று சரியும். மாதக்கணக்கில் குறையும்போது உடல் பழகிக்கொள்கிறது, ஆனால் சும்மா பழகுவதில்லை. நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. இதயத்தின் வலப்பக்கம் அவற்றை எதிர்த்துத் தள்ளித் தள்ளிக் களைக்கிறது. கணுக்காலில் நீர் கோக்கிறது. ஆயாவின் கோளாறு காலில் இல்லை.

"வீட்டில் கொரோனா சமயம் வாங்கிய ஆக்சிஜன் மெஷின் இருக்கிறது. 100 வரும்வரை ஏற்றிவிடட்டுமா?" என்றான் பேரன். கிட்டத்தட்ட கத்திவிட்டேன். இந்த நோயில் பொதுவான இலக்கு 88 முதல் 92 வரைதான். அதற்கு மேல் ஏற்றினால் சிலருக்குக் கரியமில வாயு தேங்கும். தலைவலி, மயக்கம், கடைசியில் நினைவு தப்பும். அதே 90 நிமோனியா வந்த இளைஞருக்கு என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

கருவியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. நகப்பூச்சும் சில்லிட்ட விரலும் அதை ஏமாற்றும். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம், நம்மில் பலருக்கு இது பொருந்தும். மூடிய அறையில் கரி எரித்து மயங்கியவருக்கு 98 என்று காட்டும், கார்பன் மோனாக்சைடை அதனால் பிரித்தறிய முடியாது.

பரிசோதனைகள் முடிந்து, ஆயாவுக்குக் குறைந்த அளவில் ஆக்சிஜன் தேவை என்று முடிவானது. ஆக்சிஜன் ஓடும் இடத்தில் ஒரு சிறு பொறியும் பெருந்தீயாகும். "அடுப்பு எந்த அறையில் இருக்கிறது, ஆயா?" என்று கேட்டேன்.

"இருப்பதே ஒரே அறைதானே, டாக்டரம்மா."

மருந்துச் சீட்டைத் திருப்பிப்போட்டு, அந்த அறையைப் படமாக வரையச் சொல்லிப் பேரனிடம் பேனாவைக் கொடுத்தேன்.