இறந்தாலும் ஆயிரம் பொன்: ஸ்போர்ட்ஸ் காரை இன்சூரன்ஸ் ஏன் கைகழுவுகிறது?

முன்பக்க பம்பர் ஒரு மூலையில் பிளந்திருக்கிறது. ஒரு ஹெட்லைட் உடைந்து, சக்கரம் லேசாக உள்வாங்கி நிற்கிறது. கதவு வழக்கம்போலத் திறந்து மூடுகிறது. பட்டனை அழுத்தினால் எஞ்சின் உடனே உறுமுகிறது. ஓட்டியவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. சர்வேயர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். சில வாரம் கழித்து இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து பதில் வருகிறது: டோட்டல் லாஸ். காரைச் சரிசெய்து தரப்போவதில்லை, அதன் மதிப்பைப் பணமாகக் கொடுத்துவிட்டுக் காரை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

இதே அடி ஒரு சாதாரணக் குடும்பக் காருக்கு விழுந்திருந்தால் பம்பரை மாற்றி, டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து அனுப்பியிருப்பார்கள். விலை கூடிய கார் என்றால் காப்பாற்றத்தானே அதிகம் மெனக்கெட வேண்டும்? எனக்கும் இந்தக் குழப்பம் வெகுநாள் இருந்தது. பதிலில் பாதி கணக்கில் இருக்கிறது. மீதி அந்தக் கார் செய்யப்பட்ட பொருளுக்குள் இருக்கிறது.

முதலில் கணக்கு. காரின் இன்றைய சந்தை மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். பழுதுபார்க்க 60 ஆகும். மேலோட்டமாகப் பார்த்தால் பழுதுபார்ப்பதுதான் லாபம். ஆனால் இன்சூரன்ஸ் நிறுவனம் மூன்றாவதாக ஓர் எண்ணையும் பார்க்கும். அடிபட்ட காரை அப்படியே ஏலம் விட்டால் என்ன கிடைக்கும்? அந்தத் தொகையை சால்வேஜ் என்பார்கள். அது 45 என்றால், உரிமையாளருக்கு 100 கொடுத்துக் காரை எடுத்து, 45-க்குத் தள்ளிவிடலாம். கையைவிட்டுப் போவது 55தான். 60 செலவழித்துப் பழுதுபார்ப்பதைவிட அது குறைவு. அந்த இடத்திலேயே காரின் தலையெழுத்து முடிந்துவிடுகிறது.

சாதாரணக் காருக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். இடிபட்ட பழைய குடும்பக் காருக்கு ஏலத்தில் 15தான் கிடைக்கும் என்றால், கைகழுவினால் நஷ்டம் 85. ஆகவே 80 செலவானாலும் பழுதுபார்ப்பதே மேல். இடிந்த கார் எவ்வளவுக்கு எவ்வளவு நல்ல விலை போகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதைக் கைகழுவுவது எளிது. இந்த விஷயத்தில் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்கிறோமே, ஸ்போர்ட்ஸ் கார் அந்த ரகம். பெரும்பாலான சூப்பர்கார்களில் எஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும். முன்பக்கம் நசுங்கினாலும் எஞ்சினும் கியர்பாக்ஸும் பல நேரம் அப்படியே பிழைத்துக்கொள்ளும். காரிலேயே விலை கூடிய உறுப்புகள் அவை. அவற்றோடு செராமிக் பிரேக் டிஸ்க்குகள், சக்கரங்கள், இருக்கைகள், பின்பக்கத்து விளக்குகள். குறைந்த எண்ணிக்கையில் தயாரான வண்டி என்பதால் உதிரிபாகத்துக்காக யாரோ ஒருவர் எங்கோ காத்துக்கொண்டேதான் இருப்பார். ஆகவே ஏலத்தில் விலை ஏறுகிறது. அந்த ஏற்றமே காரின் உயிரை வாங்குகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏலத்தில் கிடைக்கும் தொகையை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். பழுதுபார்க்கும் 60 வெறும் மதிப்பீடு. பம்பரைக் கழற்றிய பிறகுதான் உள்ளே ரேடியேட்டர் பெயர்ந்திருப்பது தெரியும். ரேடியேட்டரை இறக்கினால் அதன் பின்னாலிருக்கும் சப்ஃபிரேம் என்ற தாங்குசட்டம் வளைந்திருக்கும். சப்ஃபிரேமைக் கழற்றினால் அது பூட்டியிருந்த இடத்தில் மயிரிழை அளவு ஒரு விரிசல். 60 என்று ஆரம்பித்த வேலை 90-ல் வந்து நிற்கும். பாதி வழியில் விட்டுவிடவும் முடியாது. அதனால் அடி கொஞ்சம் ஆழமாகத் தெரிந்தாலே, காரைப் பிரிப்பதற்கு முன்பே நிறுவனம் ஒதுங்கிக்கொள்கிறது.

இந்த யோசனை காருக்கென்று பிறந்ததல்ல, கப்பலிலிருந்து வந்தது. சரக்குக் கப்பல் பாறையில் மோதி நிற்கிறது. மூழ்கவில்லை, மீட்கவும் முடியும். ஆனால் மீட்டுச் சரிசெய்ய ஆகும் செலவு, சரிசெய்த கப்பலின் மதிப்பையே தாண்டிவிடும். அப்போது கப்பல் கண்ணெதிரே நின்றாலும் அதை முழு இழப்பாகவே கொள்ளலாம் என்று பிரிட்டனின் 1906-ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டம் தன் 60-ஆவது பிரிவில் சொல்கிறது. எவ்வளவு செலவைத் தாண்டினால் முழு இழப்பு என்ற கோடு கார்களுக்கு ஊருக்கு ஊர் மாறும். இந்தியாவில் பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சட்டத்தில் அந்தக் கோடு 100 சதவீதம். சட்டத்தின் கோட்டைத் தொடுவதற்கு முன்பே, நான் மேலே சொன்ன கணக்கைப் போட்டு நிறுவனமே முடிவெடுப்பதும் உண்டு.

சரி, பழுதுச் செலவு ஏன் இப்படிக் கிடுகிடுவென்று ஏறுகிறது? பிராண்டின் பெயருக்காகக் கூடுதல் விலை வைக்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அது சின்னக் காரணம். பெரிய காரணம் எலும்புக்கூட்டில் இருக்கிறது.

1981-ல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த மெக்லாரன் எம்பி4/1, கார்பன் ஃபைபர் உடற்கூட்டோடு ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு வந்தது. அந்த ஆண்டு இத்தாலியின் மோன்சாவில் ஜான் வாட்சன் ஓட்டிய கார் தடுப்பில் மோதி, எஞ்சினும் கியர்பாக்ஸும் தனியே பிய்த்துக்கொண்டு போயின. வாட்சன் காயமின்றி இறங்கி நடந்தார். கார்பன் கூடு மனிதரைக் காப்பாற்றும் என்று பலரும் நம்பத் தொடங்கியது அந்த விபத்துக்குப் பிறகுதான். 1992-ல் மெக்லாரன் எஃப்1 அந்தத் தொழில்நுட்பத்தைச் சாலைக்குக் கொண்டுவந்தது. 2011-ல் வந்த மெக்லாரன் எம்பி4-12சி காரின் கார்பன் கூடு வெறும் 75 கிலோ. அதே ஆண்டு வந்த லம்போர்கினி அவென்டடோரின் கூடு 147.5 கிலோ. பயணிகள் உட்காரும் பகுதி முழுவதும் ஒரே தொட்டிபோல வார்க்கப்பட்டிருக்கும். பட்டறைக்காரர்களும் அதைத் தொட்டி என்ற பொருளில் டப் என்றே சொல்கிறார்கள்.

ஒரு கார்பன் இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆயிரக்கணக்கான இழைகளைத் துணியாக நெய்து, ரெசின் என்ற பிசினில் ஊறவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வெவ்வேறு கோணங்களில் அடுக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுக வைக்கிறார்கள். எந்தத் திசையில் விசை வருமோ அந்தத் திசையில் இழைகளை ஓடவிடுவதுதான் இதன் சூட்சுமம். எடை குறைவு, விறைப்பு அபாரம்.

ஆனால் அடிபட்டால் இது இரும்பைப்போல நடந்துகொள்ளாது. இரும்புத் தகடு வளையும், நசுங்கும், எங்கே எவ்வளவு அடி என்று கண்ணுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் வளைந்து, அடி நீங்கியதும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். மேலே சிறு தழும்பு மட்டும் இருக்கும். உள்ளே அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் ரெசின் பிரிந்து, வெங்காயத் தோல்போல விலகியிருக்கும். அந்த இடத்தில் விறைப்பும் பலமும் போய்விட்டன, வெளியே மட்டும் எதுவும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வித்தை உண்டு. ஒரு நாணயத்தையோ சிறு சுத்தியலையோ எடுத்து, விரல்கடை இடைவெளியில் கூட்டின்மேல் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் 'டிக் டிக்' என்று கணீரென்ற ஒலி வரும். அடுக்கு பிரிந்த இடத்துக்கு வந்ததும் 'டொக்' என்று ஒலி செத்துவிடும். பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதேதான். விமானப் பழுதுபார்ப்பவர்கள் இன்றும் இப்படித் தட்டிப் பார்ப்பதுண்டு. பிறகு அல்ட்ராசவுண்ட் கருவியை ஓட்டி, பிரிவு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வரைபடம் எடுப்பார்கள். இதற்கெல்லாம் காரின் உள்புறத்தைக் கழற்றி, கம்பளத்தையும் வயர்களையும் எடுத்தாக வேண்டும். அடி எவ்வளவு என்று தெரிந்துகொள்வதற்கே இத்தனை செலவு.

கார்பனைப் பழுதுபார்க்கவே முடியாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது தவறு. சேதமான பகுதியை அடுக்கடுக்காகச் சாய்வாகத் தேய்த்தெடுத்து, அதே கோணங்களில் புதிய இழைகளைப் பதித்து, சூடேற்றி இறுகவைக்கும் முறை விமானத்துறையில் நன்கு பழகிய ஒன்று. லம்போர்கினி இதற்காகவே தனிப் பயிற்சி பெற்ற நிபுணர்களை வைத்திருக்கிறது. 'பறக்கும் மருத்துவர்கள்' என்று பேர். கார் எந்த நாட்டில் இருக்கிறதோ அங்கே அவர்கள் போய்ப் பார்ப்பார்கள். ஆனால் சஸ்பென்ஷன் பூட்டும் இடம், சீட் பெல்ட் பிடிமானம் போன்ற இடங்களில் அடி என்றால் பெரும்பாலும் கூட்டையே மாற்றச் சொல்வார்கள். கூட்டை மாற்றுவதென்றால் காரையே மறுபடி கட்டுவது. எஞ்சின் முதல் கடைசி வயர்வரை பழையதிலிருந்து பிரித்துப் புதியதில் ஏற்ற வேண்டும்.

அலுமினியம் கொஞ்சம் இரக்கம் காட்டும் என்று நினைத்தால், அதுவும் இல்லை. 1996-ல் வந்த லோட்டஸ் எலிஸ் காரின் சாசி, அதாவது அடிச்சட்டம், அலுமினியச் சட்டங்களை எபாக்ஸி பசையால் ஒட்டிச் செய்தது. எடை 68 கிலோதான். அந்தச் சட்டம் வளைந்துவிட்டால் இழுத்து நிமிர்த்த முடியாது. வளையும்போதே அலுமினியம் இறுகிவிடுகிறது, திருப்பி வளைத்தால் விரிசல் விடும். வெல்டிங் வைத்தால், பக்குவமாகச் சூடேற்றி ஊட்டிய பலம் அந்த இடத்தில் கரைந்துவிடும். பசையை மீண்டும் தொழிற்சாலைப் பக்குவத்தில் காய்ச்ச முடியாது. எனவே பெரிய அடி என்றால் முழுச் சாசியையும் மாற்ற வேண்டியதுதான். அலுமினிய வேலை செய்யும் இடத்தில் இரும்புத் தூள்கூட விழக்கூடாது என்று தனி அறையும் தனிக் கருவிகளும் வைத்திருக்கிறார்கள். இரும்புத் துகள் ஒட்டி ஈரம் பட்டால், அந்த இடத்தில் மின்வேதி வினை நடந்து அலுமினியம் அரிக்கத் தொடங்கும்.

இன்றைய கார்களில் வரும் இரும்பும் பழைய இரும்பு இல்லை. 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் பழுக்கக் காய்ச்சி, அச்சுக்குள்ளேயே சட்டென்று குளிரவைத்த போரான் எஃகு அது. டார்ச் வைத்துச் சூடாக்கி நிமிர்த்தினால் ஊட்டிய உரம் போய், சாதா இரும்பாகிவிடும்.

ஏர்பேக், சீட் பெல்ட் இழுவை, சென்சார், கேமரா ஆகியவை எந்த நவீனக் காரிலும் பில்லை ஏற்றும். ஸ்போர்ட்ஸ் காரில் காத்திருப்பும் சேர்ந்துகொள்கிறது. சில உதிரிபாகங்கள் ஆர்டர் வந்த பிறகே தயாராகும். கார் மாதக்கணக்கில் பட்டறையில் நிற்கும், அந்த வாடகையும் கணக்கில் ஏறும்.

இத்தனைக்கும் மேலே பொறுப்பு என்ற ஒன்று இருக்கிறது. 2017-ல் டல்லாஸ் நகர நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஒரு சிறிய காரின் கூரையை, தயாரிப்பாளர் சொன்னபடி வெல்டிங் வைக்காமல் பசையால் ஒட்டியிருந்தது ஒரு பட்டறை. பின்னாளில் அந்தக் கார் விபத்தில் சிக்கியபோது அதில் இருந்தவர்கள் கடுமையாகக் காயப்பட்டார்கள். பட்டறை 3.15 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. அது மணிக்கு 300 கிலோமீட்டர் போகும் கார்கூட இல்லை. உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள ஒரு கூட்டுக்கு 'பாதுகாப்பானது' என்று கையெழுத்துப் போட எத்தனை பேர் முன்வருவார்கள்? அந்தத் தயக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஸ்போர்ட்ஸ் காரின் உடற்கூட்டில் தேவைக்கு மேல் ஒரு கிராம்கூட இருக்காது. பலத்தில் கொஞ்சம் குறைந்தாலும் அதைத் தாங்கிக்கொள்ளக் கூடுதல் சதை கிடையாது.

கைகழுவிய கார் எல்லாமே நொறுக்கப்படுவதில்லை. பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். ஏ என்றால் முழுதாக நொறுக்க வேண்டும். பி என்றால் உதிரிபாகங்களைக் கழற்றிக்கொண்டு கூட்டை நொறுக்க வேண்டும். எஸ் என்றால் கூட்டில் அடி, என் என்றால் கூட்டில் அடியில்லை. இந்த இரண்டையும் சரிசெய்து மீண்டும் சாலைக்குக் கொண்டுவரலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று எஸ் வகைக் கார்பன் காரை வாங்க நினைப்பவர், பெயின்ட் பளபளப்பைப் பார்க்காமல் கூட்டின் அல்ட்ராசவுண்ட் அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். அறிக்கை இல்லை என்றால் அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது.

கணக்கு எதிர்த்திசையிலும் ஓடும். நடிகர் ரோவன் அட்கின்சன் 1997-ல் ஒரு மெக்லாரன் எஃப்1 வாங்கினார். மொத்தமே 106 தயாரான கார் அது. 2011-ல் இங்கிலாந்தில் அந்தக் கார் மரத்தில் மோதிச் சிதைந்தது. பழுதுபார்க்க ஏறத்தாழ 9 லட்சம் பவுண்டு ஆனது. அவர் காரை வாங்கிய விலையையே தாண்டிய தொகை. ஆனாலும் இன்சூரன்ஸ் நிறுவனம் கைகழுவவில்லை, பில்லைக் கட்டியது. அதற்குள் எஃப்1 கார்களின் சந்தை விலை பழுதுச் செலவைவிடப் பல மடங்காக ஏறியிருந்தது. ஓராண்டுக்கு மேல் வேலை நடந்து கார் மீண்டும் சாலைக்கு வந்தது. 2015-ல் அது சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது.